இடது பின் சக்கரமும் அப்பாவின் சாவியும்

மகனே, நீ இன்னும் பிறக்கவில்லை. அதற்கு அவசரமும் இல்லை. எனக்கே இப்போதுதான் பதினேழு வயது. உன் அம்மா யாரென்று எனக்கும் தெரியாது, பாவம், அவளுக்கும் தெரியாது. இருந்தாலும் இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுதிவிடுகிறேன். இதில் நான் ஒத்துக்கொள்ளப்போகிற விஷயங்களை நாற்பது வயதில் எழுதினால் அழகாகப் பூசி மெழுகிவிடுவேன். உரிந்த இடத்தின் மேலேயே புதுப் பூச்சு அடித்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். நீ இதைப் படிக்கும்போது என்னைவிடப் பெரிய செருப்புப் போடுகிற ஆளாக இருப்பாய். மகளாகப் பிறந்துவிட்டால் 'மகனே' என்று வருகிற இடங்களை நீயே திருத்திக்கொள். அறிவுரை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்காவுக்கு, அதாவது உன் அத்தைக்கு, கல்யாணம் நடந்தது. தெம்பனிஸில் எங்கள் வீட்டில் அவள் அறை இப்போது எனக்கு வந்துவிட்டது. பத்து வருஷமாக அழுது கேட்ட அறை. கிடைத்ததும் வேண்டாம்போல இருக்கிறது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள், மருத்துவமனையில் தாதி. வெளியில் அப்படி ஒரு பொறுப்பு. வீட்டில் அவள்தான் என் சேட்டைக் கூட்டாளி. அப்பாவின் கைப்பேசி அலாரத்தை ஆட்டுக் குரலாக மாற்றியது நான். ஆடு கத்தியதும் அப்பா கட்டிலிலிருந்து துள்ளியதைப் படம் பிடித்தது அவள். குளிர்பெட்டியில் இருந்த முட்டைகளுக்கெல்லாம் கண்ணும் மீசையும் வரைந்தது நான். "அம்மா, முட்டை எல்லாம் நம்மளயே பாக்குது" என்று அலறியது அவள். அப்படிப்பட்டவளைத்தான் ஒருவர் வந்து கூட்டிப்போனார்.

அவர் பெயர் செந்தில். திருச்சிக்காரர், கப்பல் பட்டறையில் பொறியாளர், இங்கே வந்து நான்கு வருஷம், உட்லண்ட்ஸில் ஓர் அறையில் தங்கியிருந்தார். முதல் தடவை வீட்டுக்கு வந்து போனதும் அக்காவிடம் சொன்னேன்: "பேர்தான் செந்தில். ஆள் சந்தில் புகுந்துட்டாரு." முன்பெல்லாம் இதற்கு அவள் தரையில் உருண்டிருப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "டேய், அவர் பாவம்டா" என்றாள். பொறாமை என்ற சொல்லுக்குள் ஓர் ஆமை இருப்பதைக் கவனித்திருக்கிறாயா? மெதுவாகத்தான் வரும். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கல்மாதிரி நடிக்கும். நாம் கல்தானே என்று மேலே உட்கார்ந்திருப்போம். அது நம்மைச் சுமந்துகொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.

அக்காவை எடுத்துக்கொண்டதோடு விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். அவர் அப்பாவையும் எடுத்துக்கொண்டார். அப்பா விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். பேச்சுக் குறைவு. என்னிடம் அவர் அதிகம் பயன்படுத்திய வாக்கியம் "கைய வச்சுக்கிட்டுச் சும்மா இரு". செந்தில் வந்ததும் அந்த மனிதர் பேச ஆரம்பித்தார். கப்பல் எஞ்சின் எப்படி ஓடும், துருவுக்கு என்ன அடிப்பீர்கள், கடல் காற்றில் பூச்சு எத்தனை நாள் நிற்கும். காரில் முன்இருக்கை என்னுடையது. அது செந்திலுக்குப் போனது. மீன்தலைக் கறியில் கன்னச் சதை என்னுடையது. அம்மா அதை எடுத்து அவர் தட்டில் வைத்தார். நான் கண்ணால் அளந்துகொண்டே சாப்பிட்டேன். அந்த நாட்களில் நான் வெறும் சோறு சாப்பிடவில்லை மகனே, கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கார். எங்கள் பழைய வெள்ளி நிறக் கார், எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது வாங்கியது. இந்த ஊரில் காரை ஓட்டும் உரிமையே பத்து வருஷத்துக்குத்தான். அது முடிந்தபோது எல்லோரும் காரைக் கழித்துவிடச் சொன்னார்கள். அப்பா இன்னும் ஐந்து வருஷம் நீட்டித்துக்கொண்டார். அக்காவை உயர்நிலைப்பள்ளிக்கும், பரீட்சைகளுக்கும், முதல் நாள் வேலைக்கும் கொண்டுபோய் விட்ட கார் அது. கல்யாணத்தன்று சிராங்கூன் ரோட்டில் இருக்கும் கோயிலுக்கு அவள் அதில்தான் போக வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. ஓட்டுவதும் அவர்தான்.

"வாடகைக்கு நல்ல கார் எடுத்துக்கலாம்லா" என்றார் அம்மா. "அந்த ரிம்மைப் பாருங்க. சொறி புடிச்ச மாதிரி இருக்கு. மேல பூ கட்டி, கீழ சொறியா?"

"என் பொண்ணு என் கார்லதான் போவா."

"நாமளே பண்ணிரலாம் மாமா" என்றார் செந்தில். அந்த 'நாம'வில் நான் இல்லை.

அம்மா சொன்னது உண்மைதான். அந்த அலாய் சக்கரங்களின் வெள்ளி நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கிளியர் கோட். எங்காவது ஓரக்கல்லில் உரசி ஒரு கீறல் விழுந்தால் போதும், மழைத்தண்ணீரும் பிரேக் தூசியும் அதற்குள் நுழைந்து, அந்தப் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி எழும்பி உரிய ஆரம்பிக்கும். உள்ளே வெள்ளையாகப் பூத்துப்போகும். சக்கரம் உரிந்தது, எனக்கு எரிந்தது. செந்திலின் நண்பர் ஒருவர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தார். காருக்குத் தற்காலிகமாக நான்கு பழைய இரும்புச் சக்கரங்களை மாட்டிவிட்டு, எங்கள் நான்கையும் டயரோடு கழற்றி, மின்தூக்கியில் ஏற்றி, ஒன்பதாவது மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அலாய் சக்கரத்துக்காக இரண்டு பேரும் அலையாய் அலைந்தார்கள். கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓரத்தில் இடம் கிடைக்கும், அங்கே ஸ்ப்ரே அடிக்கலாம். அதற்கு முன்னால் தேய்க்கிற வேலை முழுக்க எங்கள் சமையலறைக்குப் பின்னால், துணி காயவைக்கிற இடத்தில்.

தேய்ப்பதுதான் உண்மையான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. உரிந்த இடத்துக்கும் உரியாத இடத்துக்கும் நடுவில் ஒரு விளிம்பு இருக்கும். சோப்புத் தண்ணீரில் உப்புத்தாளை நனைத்து, அந்த விளிம்பு இல்லாமலே போகும்வரை தேய்க்க வேண்டும். கண்ணால் பார்த்து நம்பக்கூடாது, நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே அடித்தால் புதுப் பூச்சும் அதே இடத்தில் கிளம்பும். அப்பா இரண்டு சக்கரம், செந்தில் இரண்டு சக்கரம் என்று பிரித்துக்கொண்டார்கள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில், பெயிண்ட் டயரில் படாமல் இருக்க, காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வரிசையாக அட்டை செருக வேண்டும். மண்டபம் மாறியதால் வீணாய்ப்போன முதல் கட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் இருந்தன. அவற்றை வெட்டிச் செருகினார்கள். ஒவ்வொரு சக்கரத்தைச் சுற்றியும் பாதி விநாயகரும் பாதி அக்கா பெயரும் சூரியகாந்தி இதழ் மாதிரி நின்றன.

நான் ஒரு நாள் உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நீ தொடாதடா. நீ தொட்டா அதுல ஏதாச்சும் சேட்டை இருக்கும்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை மத்தியானம், ரவிக்கை வாங்கவும் வளையல் பார்க்கவும் எல்லோரும் தேக்காவுக்குப் போனார்கள். அப்பாவைக்கூட இழுத்துப்போனார்கள். எனக்குப் பாடம் இருக்கிறது என்று சொல்லி நின்றுகொண்டேன். வீட்டில் நானும் நான்கு சக்கரங்களும். எது யாருடையது என்று எழுதியிருக்கவில்லை. நான்கிலும் நகத்தை ஓட்டினேன். மூன்று நன்றாகத்தான் இருந்தன. நான்காவது தனி ரகம். நகம் தண்ணீரில் வழுக்குகிற மாதிரி வழுக்கியது. ஆணித்துளைகளின் உள்பக்கம், ஆரங்களுக்கு நடுவில் விரல் நுழையாத இடுக்கு, எல்லா இடத்திலும் ஒரே வழவழப்பு. எஞ்சினியர் வேலை, வேறு யார், என்று ஆமை என் காதில் சொன்னது. அலமாரியிலிருந்து அப்பாவின் டயர் பாலிஷ் புட்டியை எடுத்து, பஞ்சில் நனைத்து, அந்தச் சக்கரம் முழுக்கத் தடவினேன். பிறகு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்தேன். அதில் சிலிகான் இருக்கிறது, அதன்மேல் பெயிண்ட் நிற்காது என்பதை இணையத்தில் படித்துவைத்திருந்தேன். நான் கண்ட கனவு இதுதான்: அப்பாவின் முன்னால் செந்திலின் சக்கரம் மட்டும் கெட்டுப்போகும். அப்பா முகம் சுளிப்பார். முன்இருக்கை காலியாகும். வாசலில் சாவிச் சத்தம் கேட்டதும், அவசரத்தில் புட்டியைக் கையில் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு அறைக்குள் ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ப்ரே அடிக்க நானும் போனேன். குற்றவாளி வேடிக்கை பார்க்காமல் இருப்பானா? அவரவர் சக்கரத்தை அவரவர் துணியால் துடைத்துக்கொண்டார்கள். முகமூடி மாட்டிக்கொண்டு செந்தில் வரிசையாக அடித்துக்கொண்டே போனார். மூன்று சக்கரங்களில் பிரைமர் என்ற அடிப்பூச்சு மோர் மாதிரி சமமாகப் படர்ந்தது. நான்காவதில் விழுந்த மறுகணமே விலகியது. குழி குழியாக, நூறு குழி, ஒவ்வொன்றின் நடுவிலும் உலோகம் எட்டிப் பார்த்தது.

"அய்யய்யோ, மீன்கண்ணு விழுந்துருச்சு" என்று செந்தில் முகமூடியைக் கழற்றினார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அப்பா செந்திலைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்னோடது" என்றார்.

அந்த வழவழப்பு அப்பாவுடையது, மகனே. ஷிஃப்ட் முடிந்து வந்து, நான்கு சாயங்காலம் அந்த ஒரே சக்கரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இடது பின் சக்கரம். கோயில் வாசலில் அக்கா இறங்கப்போகிற கதவுக்குப் பக்கத்தில் இருக்கப்போவது.

"டயர் பாலிஷ் மாதிரி ஏதாச்சும் பட்டா இப்படி ஆகும் மாமா. ஆனா நீங்க ஏன் அதைப் போடப்போறீங்க? நான்தான் சரியாப் பாக்காம அடிச்சிட்டேன்."

அப்பா ஒரு குழியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இல்ல செந்தில். நேத்துத் தேக்கால இருந்து வந்தப்ப பாலிஷ் புட்டி என் முக்காலி பக்கத்துல இருந்துச்சு. நான்தான் போட்டிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல."

'நான்தான்' என்று சொல்ல வேண்டியவன் மூன்றாவதாக அங்கே நின்றுகொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. திட்டு விழும் என்ற பயமில்லை, திட்டு எனக்குக் காலைப் பசியாறல் மாதிரி. செந்தில் எதிரில் என்னை அப்பா ஒரு பார்வை பார்ப்பாரே, அதற்குப் பயந்தேன். அப்போதும் பொறாமைதான் என் வாயைப் பிடித்திருந்தது.

அந்த வாரம் அப்பா சமையலறைக்குப் பின்னால் போகவே இல்லை. குழி விழுந்த சக்கரம் துணிக்கொடிக்குக் கீழே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. புதன்கிழமை அவரும் அம்மாவும் பேசுவதைக் கேட்டேன். "அன்னைக்கு நான் ஓட்டலம்மா. டிரைவரோட ஒரு கார் புக் பண்ணிரு. பொண்ண ஏத்திக்கிட்டு வழி மறந்துட்டா என்ன பண்றது?" அம்மா ஏதோ சமாதானம் சொன்னார். "சாவி எத்தனை தடவ தொலைஞ்சிச்சு? கண்ணாடி? போன மாசம் அடுப்பு? இப்ப இது. வெள்ளிக்கிழமை டாக்டருக்கு அப்பாயின்மென்ட் வச்சிருக்கேன். பிள்ளைங்ககிட்ட சொல்லாத."

சாவியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு நிச்சயமானதிலிருந்து அப்பாவின் கார் சாவி அடிக்கடி தொலைந்துகொண்டிருந்தது. அரிசி டின்னில், அவருடைய காலணிக்குள், ஒரு தடவை சாமி படத்துக்குப் பின்னால். தொலைத்தது நான். மூக்குக் கண்ணாடியை மீன்தொட்டியின் மேல் வைத்தது நான். தொலைக்காட்சி ரிமோட்டைக் குளிர்பெட்டியில் கத்திரிக்காயோடு படுக்கவைத்ததும் நான். வெறும் சேட்டை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன். சாவி தொலைந்தால்தான் அப்பா "டேய், வாடா, தேடு" என்று என்னைக் கூப்பிடுவார். இரண்டு பேரும் மண்டிபோட்டு சோபாவுக்குக் கீழே ஒன்றாகத் தலையை விடுவோம். கண்டுபிடிக்கும் ஆள் எப்போதும் நான்தான். "கெட்டிக்காரன்டா" என்பார். செந்திலை அப்பா அப்படிச் சொன்னதே இல்லை. அப்படி நான் சம்பாதித்த ஒவ்வொரு 'கெட்டிக்காரனு'க்கும் அப்பா தன் மூளையின் மேல் வைத்திருந்த நம்பிக்கையிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொடுத்திருக்கிறார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளி முடிந்து வரும்போது கார் நிறுத்துகிற கட்டடத்தின் வழியாக வந்தேன். நான்காவது தளத்தில் எங்கள் கார், அந்த அசிங்கமான இரும்புச் சக்கரங்களோடு. அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. ஸ்டியரிங்கின் மேல் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கவிழ்த்துவைத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தெம்பனிஸ். விரைவுச்சாலை. எந்த எண்ணில் வெளியேற வேண்டும். எந்த விளக்கில் இடப்பக்கம். எந்தச் சந்தில் நிறுத்தலாம். முப்பது வருஷமாக அவர் கண்ணை மூடிக்கொண்டு போய்வருகிற வழி. டிரைவர் வைத்துக்கொள்ளச் சொன்ன மனிதர், தானே ஓட்ட முடியுமா என்று திருட்டுத்தனமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

முன்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அவர் பத்திரிகையை மறைத்தார். என் முன்இருக்கை. அதில் உட்கார எனக்குக் கூசியது.

"அப்பா, அந்த ரிம்முல பாலிஷ் போட்டது நான்."

"என்னடா?"

"நீங்க தேக்கா போனப்போ. செந்திலோடதுன்னு நெனச்சுப் போட்டேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பயந்த பார்வைதான். ஆனால் அதற்குள் வேறு ஒன்று ஓடிவந்து உட்கார்ந்தது. "செந்திலோடதுன்னு ஏன்டா நெனச்ச?"

"அதுதான் இருக்கிறதுலயே வழவழன்னு இருந்துச்சு. எஞ்சினியர் வேலைன்னு நெனச்சேன்."

"என் வேலையத் தொட்டுப் பாத்து எஞ்சினியர் வேலைன்னு நெனச்சியா?"

"ஆமாப்பா."

ஓங்கி ஒன்று விழும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். விழவில்லை. அப்பா முன்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாத்தியாரிடம் பாராட்டு வாங்கிய மாணவன் மாதிரி ஒரு சிரிப்பு. அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அரிசி டின்ல சாவி?"

"நான்தான்."

"கண்ணாடி? மீன்தொட்டி மேல?"

"நான்தான்."

"கத்திரிக்காய் பக்கத்துல ரிமோட்டு? அது நான் பசியில வச்சிட்டேன்னு நெனச்சேன்டா!"

"நான்தான்ப்பா."

"அடப்பாவி!" ஒவ்வொரு 'நான்தானு'க்கும் அவர் தோள் இறங்கிக்கொண்டே வந்தது. கண்ணில் தண்ணீர் வர, ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன், அப்பாவை அன்றைக்குத்தான். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "அப்ப, அடுப்பும் நீதானா? பாலை வச்சிட்டு, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் இருந்த ஆசையை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பரிசு அறிவிக்கிற இடத்தில் தன் பெயர் வருமா என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி காத்திருந்தார். 'ஆமா' என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. இரண்டே எழுத்து. வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பொய்களிலேயே அதுதான் நல்ல பொய்யாக இருந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால் மறுநாள் டாக்டரிடம் போகமாட்டார். உரிந்த இடத்தின் மேலேயே பூச்சு.

"அது நான் இல்லப்பா."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு விரலை விட்டு எண்ணி, எல்லாவற்றையும் மடக்கி, ஒன்றை மட்டும் நிமிர்த்திக் காட்டினார்.

"சரி. அப்ப ஒண்ணுதான்."

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்குச் செந்தில் கூட்டிப்போகிறேன் என்றார். நான் முந்திக்கொண்டேன், அந்த இடத்தையும் அவருக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. டாக்டர் அப்பாவை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கழித்து எவை என்று கேட்டார். அப்பா நான்கு சொன்னார். ஐந்தாவது எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் பக்கத்து ஆளுக்கு விடை சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். வீட்டில் எது மறந்தாலும் எழுதிவைக்கச் சொன்னார்.

அந்தச் சக்கரத்தை நான்தான் திரும்பத் தேய்த்தேன். துணிக்கொடிக்குக் கீழே இடம் போதாமல், வீட்டு வாசல் நடைபாதையில், போகிற வருகிற அண்டைவீட்டார் எல்லாம் பார்க்க. முதலில் சிலிகான் போகும்வரை கழுவினேன், ஒவ்வொரு தடவையும் புதுத் துணி. பிறகு உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். செந்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், அதுவும் பெருமையாக.

"ஏன் தம்பி, குறி எனக்குன்னா எனக்கே வச்சிருக்கலாம்ல? குறிகூடத் தப்புது உனக்கு."

"நீங்க இன்னும் நல்லாத் தேய்ச்சிருந்தா மாட்டியிருப்பீங்க."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் நான் தேய்ப்பதைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "எங்கப்பா ஊர்ல தனியா இருக்காரு. போன்ல எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கிறாரு. சாவிய அவர் தொலைச்சாலும் கூட மண்டிபோட ஆளு இல்ல. உங்க வீட்ல நான் ரொம்ப உக்காந்துட்டேனோ?"

உப்புத்தாளைக் கிழித்துப் பாதியை அவரிடம் கொடுத்தேன். "அந்த ஆணித்துளை எல்லாம் பாருங்க மாமா" என்றேன். முறைப்படி அதுதான் அவரைக் கூப்பிட வேண்டிய விதம். அதுவரை 'அவரு', 'இவரு' என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று அப்பாதான் ஓட்டினார். வழி எழுதிய பத்திரிகை முன்னால் இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. நான் முன்இருக்கையில், அக்கா பின்னால். கோயில் வாசலில் நான்தான் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டேன். நாதஸ்வரம் கிளம்பியது. அக்கா சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர் யாராவது ரிம்மைப் பார்ப்பாரா? நான் பார்த்தேன். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நானே ஸ்ப்ரே அடித்த என் சக்கரம் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் கருத்திருந்தது. கிட்டே போனால் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு சொரசொரப்பும் தெரியும். அப்பா காரைச் சுற்றிவந்து, வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து, அத்தனை பேர் முன்னால் அதன் மேல் நகத்தை ஓட்டினார். "தட்டல" என்றார். செந்திலிடம் இல்லை, என்னிடம்.

அன்று சாயங்காலம் அக்கா உட்லண்ட்ஸுக்குப் போய்விட்டாள். காரில் ஏறும்போது என் காதில், "குளிர்பெட்டியைத் திறந்து பாரு" என்றாள். ஓடிப்போய்த் திறந்தேன். எல்லா முட்டைக்கும் மீசை. ஒன்றின் கண்ணில் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரைந்திருந்தாள். அந்த முட்டையை நான் இன்னும் உடைக்கவில்லை. எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. நேற்று அப்பா செந்திலிடம் போனில் பேசிச் சிரித்தபோது ஆமை தலையை நீட்டியது. உனக்கு வரப்போகிற மாமனார் ஒருவர் இருப்பாரே, அவருக்குக் கார் வேலை தெரிந்திருந்தால்? அவர் மேல் எனக்கு இப்போதே எரிகிறது. அதை அடக்கச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை. அது உன்னைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன். என் பிள்ளை என்றால் நீயும் சேட்டைக்காரனாகத்தான் இருப்பாய். என் சாவியை ஒளித்து வை. தாராளமாக ஒளித்து வை. அரிசி டின் பழசு, புது இடமாகப் பார். நான் கூப்பிடும்போது வந்து என்னோடு மண்டிபோட்டுத் தேடு, நீயே கண்டுபிடி, 'கெட்டிக்காரன்' என்று நான் சொல்லுவேன், வாங்கிக்கொள். ஆனால் அன்றைக்கு விளக்கை அணைப்பதற்குள் வந்து, "அது நான்தான்" என்று சொல்லிவிடு. சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே. ஒருநாள் நான் விரலை விட்டு எண்ணும்போது, மடக்கவேண்டிய விரல் எது, நிமிர்ந்து நிற்கவேண்டிய விரல் எது என்று எனக்குத் தெரியவேண்டும்.

உன் பாட்டனின் காரில், இப்போதைக்கு முன்இருக்கையில் உட்கார்ந்து இதை எழுதி முடிக்கிற,

உன் வருங்கால அப்பா.